‘அபகரித்தவர்’ என்ற சொல்: ஹைதர் அலியின் வாழ்க்கையும் அதை எழுதியவர்களும்

மைசூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு, ஊரிலிருந்து உறவினர் வந்து இறங்கினால் ஒரு கடமை உண்டு. முதல் நாள் அரண்மனையும் சாமுண்டி மலையும். இரண்டாம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம். ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, கும்பஸ் சமாதிக்குப் போய், வழியில் கரும்புச்சாறு குடித்து, சாயங்காலம் பிருந்தாவனத்தில் விளக்குப் போடும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தச் சுற்றை நான் முப்பது தடவைக்குக் குறையாமல் சுற்றியிருப்பேன். கடைசியாகப் போனபோது உடன் வந்தவன் என் அக்காள் மகன். கல்லூரிப் பிள்ளை. கும்பஸில் மூன்று சமாதிகள் இருக்கின்றன: நடுவில் ஹைதர் அலி, இரு பக்கமும் அவர் மனைவி, மகன் திப்பு. அதற்கு முன்னால் நின்றுகொண்டு அவன் கேட்டான்: “மாமா, நேத்து அரண்மனையில உடையார் வரிசைன்னு படம் பார்த்தோமே, அதுல இவர் இல்லையே. இவர் ராஜாவா, மந்திரியா?”

“ராஜா மாதிரி” என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. இத்தனை வருஷமாக ஹைதரைப் பற்றிப் படித்த புத்தகங்களை மறுபடி எடுத்துவைத்துக்கொண்டு, இந்தச் சின்னக் கேள்விக்கு ஒவ்வொருவரும் என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

ஹைதரின் வாழ்க்கையைச் சொல்லும் ஆங்கில நூல்களில் பெரும்பாலானவற்றில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். ‘அபகரித்தவர்’ என்பதே அந்தச் சொல். மைசூரின் உரிமையுள்ள அரசரிடமிருந்து ஆட்சியைப் பறித்துக்கொண்டவர் என்று பொருள். பள்ளிப் புத்தகம் வரை இறங்கிவந்த சொல் இது. சாமானியமான சொல்லாகத்தான் தெரியும். ஆனால் பறிப்பதற்கு முன்னால் அந்தப் பொருள் யார் கையில் இருந்தது என்று கேட்டால் கதை வேறு மாதிரி போகிறது.

காலியாக இருந்த அரியணை

ஹைதர் சிறுவனாக இருந்தபோதே மைசூர் அரியணையில் அதிகாரம் இல்லை. களலெ குடும்பத்தைச் சேர்ந்த தேவராஜய்யா, நஞ்சராஜய்யா என்ற இருவர் அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவராஜய்யா தளவாய், அதாவது படைத்தலைவர். நஞ்சராஜய்யா வரவு செலவு பார்ப்பவர். 1732க்குப் பிறகு தத்தாக வந்த சாமராஜ உடையார் தாமே ஆள விரும்பினார் என்பதற்காக 1734இல் அவரை இறக்கி, கப்பாளதுர்க்க மலைக்கோட்டையில் அடைத்தார்கள். அவர் அங்கேயே இறந்தார். அடுத்து இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார் என்ற சிறுவனை உட்காரவைத்தார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, தனக்கென்று சில ஆட்களைச் சேர்த்துக்கொண்டபோது, 1756இல் நஞ்சராஜய்யா அரண்மனைக் கதவை உடைத்து உள்ளே போனார். அரசரின் ஆட்களைப் பிடித்து, அரசரும் அந்தப்புரப் பெண்களும் பார்க்கும்படி மூக்கையும் காதையும் அறுக்கச் சொன்னார். தேவராஜய்யாவுக்கே இது பொறுக்கவில்லை. கோபித்துக்கொண்டு மறுவருஷம் சத்தியமங்கலத்துக்குப் போய்விட்டார். இன்றைக்கு ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் நம் சத்தியமங்கலம்தான்.

இவ்வளவையும் விவரமாக எழுதியிருப்பவர் மார்க் வில்க்ஸ். தென்னிந்திய வரலாற்றைப் பற்றி 1810க்கும் 1817க்கும் இடையில் மூன்று தொகுதிகள் வெளியிட்ட ஆங்கிலேயப் படை அதிகாரி. கவனியுங்கள்: மூக்கறுத்த நஞ்சராஜய்யாவை அவர் கொடியவர் என்கிறார், பேராசைக்காரர் என்கிறார். ஆனால் ‘அபகரித்தவர்’ என்ற பட்டம் ஹைதருக்குத்தான் நிலைத்தது. களலெ சகோதரர்கள் இருபத்தைந்து வருஷம் செய்ததைத்தான் ஹைதரும் செய்தார். இன்னும் கெட்டிக்காரத்தனமாகச் செய்தார் என்பதே வித்தியாசம்.

தமிழ்நாட்டில் கிடைத்த முதலீடு

ஹைதர் பிறந்தது கோலார் பக்கம் பூதிக்கோட்டையில். வருஷம் 1720 அல்லது 1722 என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்வார்கள். தகப்பனார் ஃபத்தே முகம்மது சிரா நவாபிடம் வேலை பார்த்த படைவீரர். சண்டையில் இறந்துபோனார். கடனுக்காகக் குடும்பம் பட்ட பாட்டைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. தொட்டபள்ளாபுரத்தில் பெரிய நகராவுக்குள் இரண்டு பிள்ளைகளையும் போட்டு, மேலே தோலை இழுத்துக் கட்டி வதைத்தார்களாம், பணம் கறப்பதற்காக. கதையின் உண்மை எப்படியிருந்தாலும், ஹைதர் பெரியவரான பிறகு அந்த ஊரை ஆண்ட அப்பாஸ் குலி கான் என்பவர் அவர் பெயரைக் கேட்டாலே ஓடி ஒளிந்தார் என்பது வில்க்ஸ் ரசித்து எழுதும் இடம்.

அந்தக் குடும்பத்துப் பிள்ளை மைசூர்ப் படையில் கவனிக்கப்பட்டது 1749இல், தேவனஹள்ளி முற்றுகையில். ஆனால் அவரைப் பெரிய ஆளாக்கிய சம்பவங்கள் எல்லாம் நம் பக்கத்தில் நடந்தவை. 1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே நாசிர் ஜங் கொல்லப்பட்ட குழப்பத்தில், ஹைதரின் வேடர் படை தங்க நாணயம் ஏற்றிய ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பணத்தில்தான் அவர் சொந்தமாக ஆட்களைச் சேர்த்தார். பிறகு திருச்சி. சந்தா சாகிபுக்கு எதிராக உதவினால் திருச்சியையே தருகிறேன் என்று முகம்மது அலி நஞ்சராஜய்யாவிடம் வாக்குக் கொடுத்தார். காரியம் முடிந்ததும் கைவிரித்தார். மைசூர்ப் படை மூன்று வருஷம் திருச்சி மண்ணில் கிடந்து, கஜானாவைத் தின்று தீர்த்தது. இந்தக் காலத்துச் செய்திகள் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், ஒரு வியாபாரியின் கண் வழியாக, நம் தமிழிலேயே வருகின்றன. பார்சி நூலையும் ஆங்கில நூலையும் தேடி ஓடும் ஆராய்ச்சியாளர்கள் பக்கத்து வீட்டுக்காரரான பிள்ளையவர்களை மறந்துவிடுவது வருத்தத்துக்குரியது.

1755இல் ஹைதர் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பப்பட்டார். எனக்குப் பூர்வீகம் திண்டுக்கல். சின்ன வயசில் மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். ஊரில் பேகம்பூர் என்று ஒரு பகுதி. ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு ஹைதர் அந்நியர் அல்ல, தங்கையை இந்த மண்ணில் விட்டுப் போன அண்ணன். பின்னாளில், 1772இல் கணவரை இழந்த சிவகங்கை வேலுநாச்சியார் விருப்பாச்சியில் தஞ்சம் புகுந்து ஹைதரிடம் உதவி கேட்டதும் எங்கள் பக்கத்துக் கதைதான்.

வில்க்ஸ் காட்டும் திண்டுக்கல் ஹைதர் வேறு ஆள். கணக்குப் புலி. படை எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டிச் சம்பளம் வாங்கினார் என்கிறார் வில்க்ஸ். பாளையக்காரர்களோடு நடந்த சண்டையில் காயம்பட்டவர்களுக்குத் தனிப் படி உண்டு என்றதும், காயமே படாத பலருக்கும் மஞ்சள் தோய்ந்த கட்டுகளைப் போட்டு வரிசையில் படுக்கவைத்தாராம். பார்வையிட வந்த அதிகாரி எண்ணிப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் வில்க்ஸ் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டது ஹைதரிடம் வேலை பார்த்த முதியவர்களிடம், சம்பவம் நடந்து ஐம்பது வருஷம் கழித்து. நாம் ரிட்டையர் ஆனபிறகு பழைய மேலதிகாரியைப் பற்றிப் பேசும்போது கதைக்குக் கை கால் முளைப்பதில்லையா? அந்த ருசியும் இதில் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கண்டே ராவ்: யார் துரோகி?

ஹைதர் திண்டுக்கல்லில் இருந்தபோது தலைநகரில் அவருடைய காரியங்களைக் கவனித்தவர் கண்டே ராவ் என்ற பிராமணர். எழுதப் படிக்கத் தெரியாத ஹைதருக்கு அவர்தான் கண்ணும் கையும். 1758, 59இல் சம்பளம் வராத படைகள் நஞ்சராஜய்யாவின் வாசலில் தர்ணா இருந்தன. ஹைதர் வந்து பாக்கியைத் தீர்த்துவைத்தார். அந்த நன்றியைக் காட்டி, நஞ்சராஜய்யாவுக்கு ஓய்வு கொடுத்து கோணனூருக்கு அனுப்பினார்கள். அரசரின் குடும்பம் மகிழ்ந்தது. ஒரு எஜமான் போய் இன்னொரு எஜமான் வந்திருக்கிறார் என்பது சீக்கிரமே தெரிந்ததும், ராஜமாதா கண்டே ராவைத் தன் பக்கம் இழுத்தார். 1760 ஆகஸ்டில், ஹைதரின் படையில் பெரும்பகுதி பிரெஞ்சுக்காரருக்கு உதவப் புதுச்சேரிப் பக்கம் போயிருந்த சமயம் பார்த்து, கோட்டைப் பீரங்கிகளை அவர் மேல் திருப்பினார்கள். இரவோடு இரவாகக் காவிரியைக் கடந்து, ஆனேக்கல் வழியாகப் பெங்களூருக்கு ஓடினார். மனைவி மக்கள், சிறுவன் திப்பு உள்பட, ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே மாட்டிக்கொண்டார்கள்.

அடுத்து நடந்தது நாடகம். தான் வெளியேற்றிய நஞ்சராஜய்யாவின் வாசலிலேயே போய் ஹைதர் விழுந்தார். மன்னிப்புக் கேட்டார். மனம் இரங்கிய பெரியவரின் பெயரால் பொய்க் கடிதங்கள் எழுதி, அவை கண்டே ராவின் கையில் சிக்கும்படி செய்தார். தன் சேனாபதிகளே தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்று நம்பிய கண்டே ராவ் படையை விட்டு ஓடினார். 1761இல் ஹைதர் தலைநகருக்குள் வந்தபோது, கண்டே ராவைக் கொல்ல வேண்டாம் என்று அரண்மனைப் பெண்கள் கெஞ்சினார்கள். கொல்லமாட்டேன், கிளி மாதிரி வளர்ப்பேன் என்றாராம். சொன்னபடியே இரும்புக் கூண்டில் அடைத்து, சாகும்வரை பாலும் சோறும் கொடுத்தார்.

இந்த ஒரு அத்தியாயத்தை வைத்தே ஹைதரைப் பற்றிய நூல்களை எடை போட்டுவிடலாம் என்பது என் கருத்து. வில்க்ஸுக்கு இதில் கண்டே ராவ் ராஜபக்தர். தன்னை ஆளாக்கிய எஜமானுக்கு அவர் செய்தது என்ன என்ற கேள்வி அவருக்கு அவ்வளவாக உறுத்தவில்லை. ஹைதர் பக்கத்தவரான மீர் ஹுசைன் அலி கான் கிர்மானிக்கு கண்டே ராவ் உப்பிட்டவரை மறந்தவர். அரசரை மீறி ஹைதருக்கு என்ன உரிமை என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. ஹைதரிடமும் திப்புவிடமும் வேலை பார்த்த கிர்மானி, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபிறகு பார்சியில் எழுதிய ‘நிஷானே ஹைதரி’யை கர்னல் மைல்ஸ் 1842இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கிர்மானி ஹைதரின் வம்சத்தை மக்காவின் குறைஷியர் வரை கொண்டுபோய் நிறுத்துகிறார். ஏன் அந்த அவசியம்? அரச வம்சம் இல்லை என்ற குறையை அவரும் உணர்ந்திருக்கிறார். எதிர்க்கட்சி சொல்லும் நியாயத்தையே இவரும் ஏற்றுக்கொண்டு, இல்லாத வம்சத்தைத் தேடிக் கொடுக்கிறார். நூலின் பலவீனம் அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது ஒருவர் உண்டு. மெத்ர் த லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர். ஹைதரின் பீரங்கிப் படையில் இருந்தவர். ஹைதர் உயிரோடிருந்ததை ஒட்டியே, 1783இல் பாரிசில் அவர் நூல் வெளிவந்தது. சாகசக்காரர், தன்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்பவர். ஆனால் ஹைதரின் தர்பாரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். இந்நூலுக்கு ஒரு விசித்திரமான மறுபிறவி உண்டு. 1855இல் திப்புவின் மகன் குலாம் முகம்மது இதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளில் ஒருவர். தாத்தாவின் பெயரை மீட்க, அவருக்கு வெள்ளைக்காரர் எழுதிய புத்தகம்தான் கிடைத்தது.

தேவைப்பட்ட சொல்

1799 மே மாதம் திப்பு வீழ்ந்தார். ஜூன் 30 அன்று ஐந்து வயதுப் பிள்ளையான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு மைசூரில் பட்டம் கட்டினார்கள். கோயம்புத்தூரும் கன்னடக் கடற்கரையும் கம்பெனிக்குப் போயின. நிஜாமுக்கு ஒரு பங்கு போயிற்று. மிச்சம் உடையாருக்கு. இந்தப் பங்கீட்டை உலகுக்குச் சொல்லும்போது ‘பிடித்தோம்’ என்று சொல்வதைவிட ‘உரியவரிடம் திருப்பிக் கொடுத்தோம்’ என்று சொல்வது எவ்வளவு அழகு! திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் ஒருவர் திருடியிருக்க வேண்டுமே.

வில்க்ஸ் அந்த ஏற்பாட்டின் கீழ் மைசூரில் ரெசிடெண்ட் பொறுப்பு வகித்தவர். (பிறகு செயின்ட் ஹெலினா தீவுக்குக் கவர்னராகப் போய், அங்கே கைதியாக வந்த நெப்போலியனோடு பேசிய மனிதர். அது தனிக் கதை.) அடுத்து 1893இல் ஹைதர், திப்பு இருவரையும் பற்றி ஒரே நூலாக எழுதிய லெவின் பவுரிங், மைசூரின் தலைமைக் கமிஷனராக இருந்தவர். பெங்களூரில் பவுரிங் ஆஸ்பத்திரிக்குப் பெயர் கொடுத்தவர். நம் கோலார் தங்கவயல் தமிழர்கள் ரயில் மாறி இறங்கிய பங்காருப்பேட்டைக்கும் ஒரு காலத்தில் பவுரிங்பேட்டை என்றுதான் பெயர். ஆக, ஹைதரின் வரலாற்றை எழுதிய இரு பெரிய ஆங்கிலேயர்களும், ஹைதரின் குடும்பத்தை இறக்கிவிட்டு அமைந்த நிர்வாகத்தில் உட்கார்ந்து எழுதியவர்கள். இதனால் அவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. வில்க்ஸ் போல ஆதாரம் தேடியவர் அந்தக் காலத்தில் குறைவு. இன்றுவரை ஹைதரைப் பற்றி ருசியாகப் படிக்கக்கூடிய நூலும் அவருடையதுதான். 1930இல் மைசூர் அரசாங்க அச்சகமே அதை மறுபதிப்புச் செய்தது. சம்பவங்களை அவரிடம் எடுத்துக்கொள்ளலாம். சம்பவங்களுக்கு முன்னால் அவர் சேர்க்கும் அடைமொழிகளைக் கொஞ்சம் உதறிவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹைதரே தன்னை என்னவாக நினைத்தார்? அவர் விட்டுப்போன நாணயத்தைக் கேட்கலாம். 1763இல் பெத்தனூரைப் பிடித்தபின் அவர் அடித்த பொன் வராகனில், ஒரு பக்கம் சிவனும் பார்வதியும். இக்கேரி நாயக்கர்கள் காலத்திலிருந்து வந்த அதே உருவம். மறுபக்கம் தன் பெயரின் முதல் பார்சி எழுத்து மட்டும். பட்டமும் இல்லை, முழுப்பெயரும் இல்லை. கையெழுத்தாகவும் அந்த ஒரு எழுத்தைத்தான் போடக் கற்றிருந்தார். அதையும் தலைகீழாகப் போடுவார் என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை தசராவில் உடையார் அரியணையில் உட்கார்ந்து காட்சி கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை. பாதுஷா என்று சொல்லிக்கொண்டது திப்பு. 1796இல் உடையார் ஒருவர் இறந்தபோது அடுத்தவரை உட்காரவைக்காமல் விட்டதும் திப்பு. தகப்பனார் அந்தக் காலி நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டே இருந்தார்.

இதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு ஹைதரைப் புனிதராக்குகிறவர்களும் உண்டு. அவர்கள் 1770ஐப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். இரண்டாம் கிருஷ்ணராஜர் 1766இல் இறந்தபின் வந்த நஞ்சராஜ உடையார் மராட்டியரோடு ரகசியமாகப் பேசினார் என்ற சந்தேகத்தில் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டார். அடுத்து வந்தவரும் 1776இல் இறந்தார். அப்போது ஹைதர் ராஜகுடும்பத்துப் பிள்ளைகளை ஒரு கூடத்தில் விட்டு, பழங்களும் மிட்டாயும் பொம்மைகளும் ஆயுதங்களும் போட்டு வைத்தாராம். ஒரு பிள்ளை ஒரு கையில் சின்னக் கட்டாரியும் மறு கையில் எலுமிச்சம்பழமும் எடுத்தது. “இவன்தான் ராஜா” என்றாராம் ஹைதர். வில்க்ஸ் சொல்லும் இந்தக் கதை நடந்ததா, கட்டியதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அரசரைத் தேர்ந்தெடுக்கும் வேலை யார் கையில் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் காலத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு நூல்களைச் சொல்ல வேண்டும். ஹயவதன ராவின் மைசூர் வரலாறு 1943 முதல் 1946 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. அதில் தொகுதிகள் பிரியும் இடத்தைப் பாருங்கள். இரண்டாம் தொகுதி முடிவது 1766இல், அரசர் இறந்த வருஷத்தில். ஹைதர் அதிகாரத்துக்கு வந்த 1761இல் அல்ல. அரியணையின் வரிசைதான் அவருக்குக் காலக்கணக்கு. நரேந்திர கிருஷ்ண சின்ஹா 1941இல் வெளியிட்ட ‘ஹைதர் அலி’ இதற்கு நேர்மாறு. மராட்டி, போர்ச்சுகீசிய ஆவணங்களையெல்லாம் தேடிப் பிடித்து எழுதிய நூல். ஹைதரை ஹைதராகவே பார்க்கும் நூல்களில் இதுவே முதன்மையானது. ஆனால் படிக்கச் சலிப்பூட்டும். யுத்தத்துக்குப் பின் யுத்தம். அரண்மனைக்குள் நடந்த இழுபறி அந்தப் புழுதியில் மறைந்துபோகிறது.

தஞ்சாவூர்க் கணக்கு

என் மனைவி பிறந்த வீடு கும்பகோணம் பக்கம். எங்கள் வீட்டில் ஹைதரைப் பற்றி நான் ஏதாவது உயர்வாகப் பேச ஆரம்பித்தால், என் மாமனார் சாகும்வரை ஒரே வரியில் வாயை அடைப்பார்: “மாப்பிள்ளை, எங்க ஊர்ல வந்து சொல்லிப் பாருங்க.”

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 1780 ஜூலையில் ஹைதரின் படை செங்கம் கணவாய் வழியாக இறங்கியது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. அதைத்தான் தரியா தௌலத்தின் மேற்குச் சுவரில், பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் பெய்லியோடு சேர்த்து, நாம் உறவினர்களுக்குக் காட்டுகிறோம். சுவரில் வண்ணமாகத் தெரியும் அந்தப் பூமி நம் தொண்டை மண்டலம். எதிரிக்குச் சோறும் வைக்கோலும் கிடைக்கக்கூடாது என்று ஊர் ஊராகக் கொளுத்தினார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் தஞ்சைச் சீமையில் ஏரி, வாய்க்கால், மாடு, மனிதர் எல்லாம் போயின. 1785இல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்து பார்லிமெண்டில் இந்த அழிவை வர்ணித்த பேச்சு, ஆங்கிலப் பேச்சுக்கலைக்கே உதாரணமாகச் சொல்லப்படுகிறது. பர்க்கின் குறி ஹைதர் அல்ல. ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த கம்பெனிக்காரர்கள். நம் தாத்தாக்களின் பஞ்சம் அங்கே ஒரு வழக்குக்குச் சாட்சியாயிற்று.

அந்தப் பஞ்சத்தில் தஞ்சாவூரில் நெல்லைச் சேர்த்துவைத்து ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றியவர் சுவார்ட்ஸ் ஐயர் என்ற ஜெர்மன் பாதிரியார். தமிழ் நன்றாகப் பேசுவார். 1779இல் சென்னைக் கவர்னர் ஹைதரிடம் தூது அனுப்பியது இவரைத்தான். ஹைதருக்கு இந்துஸ்தானி, கன்னடம், மராட்டி, தெலுங்கோடு தமிழும் சரளம் என்று வில்க்ஸ் எழுதுகிறார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவருடைய தர்பாரைப் பார்த்த சுவார்ட்ஸ், வேலை தாமதமில்லாமல் நடக்கும் ஒழுங்கைப் பாராட்டியிருக்கிறார். தவறு செய்த அதிகாரிகளுக்கு விழும் சவுக்கடியையும் குறித்திருக்கிறார். மறுவருஷமே யுத்தம் வந்தது. பாதிரியாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஹைதர் தன் படைக்கு உத்தரவு போட்டிருந்தார். அவருடைய சோற்றுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அப்படி உத்தரவு எதுவும் இல்லை. ஹைதரைப் புகழும் நூல்களில் இந்த வரிசை வருவதில்லை. இகழும் நூல்களில் வருகிறது, ஆனால் ஆற்காட்டு நவாபும் கம்பெனியும் 1769 சென்னை உடன்படிக்கையில் ஹைதருக்குக் கொடுத்த வாக்கை மீறியது வருவதில்லை.

இன்னொரு தமிழ் வீட்டு நினைவும் இங்கேயே, மேல்கோட்டையில் இருக்கிறது. ராணி லக்ஷ்மம்மண்ணி, ஹைதருக்கு எதிராக ஆங்கிலேயரோடு ரகசியமாகப் பேசிக்கொண்டே இருந்தார். அவருக்காகத் தஞ்சாவூரில் உட்கார்ந்து காரியம் பார்த்தவர் பிரதான் திருமலராவ். 1782 அக்டோபரில் அங்கே அவர் கையெழுத்திட்ட உடன்படிக்கைக்கு ‘ராணா ஒப்பந்தம்’ என்று பெயர். அவருடைய சொந்தக்காரர்கள் மேல் திப்பு பழி தீர்த்தார் என்பதே மண்டியம் ஐயங்கார் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்படுவது. அதற்காகவே அவர்களில் பலர் இன்றும் நரக சதுர்த்தசி கொண்டாடுவதில்லை. வீட்டில் தமிழ் பேசும் அந்தக் குடும்பங்களுக்கும், பேகம்பூர்க்காரர்களுக்கும், என் மாமனாருக்கும் ஹைதர் வீட்டு வரலாறு ஒன்றாக இருக்க முடியாது. கர்நாடகத்தில் 2015இல் அரசு விழாவாகத் தொடங்கி 2019இல் நிறுத்தப்பட்ட திப்பு ஜயந்தி சண்டையின்போது இரண்டு பக்கமும் பேசியவர்களைக் கேட்டேன். இரு தரப்புக்கும் திப்பு மட்டும்தான் வேண்டியிருந்தது. தகப்பனாரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தொலைக்காட்சித் தொடரிலும் அப்படித்தான். மைசூரில் அந்தத் தொடர் எடுத்த ஸ்டுடியோவில் 1989 பிப்ரவரி 8 அன்று தீப்பிடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இங்கே பழைய ஆட்களுக்கு மறக்காது. அதிலும் ஹைதர் மகனுக்கு முன்னுரைதான்.

பெட்டிக்குள் போனவர்

ஹைதர் இறந்ததும் நம் எல்லையில்தான். சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டையில், முதுகில் வந்த ராஜப்பிளவை நோயால், 1782 டிசம்பர் 7 அன்று. திப்பு அப்போது மலையாளக் கரையில் இருந்தார். செய்தி வெளியே தெரிந்தால் படை கலைந்துவிடும். கோயம்புத்தூர்ச் சீமையில் பிறந்த பூர்ணையாவும் கிருஷ்ணராவும் மரணத்தை மறைத்தார்கள். உடலைப் பெட்டியில் வைத்து, கஜானா போகிறது என்று சொல்லி, காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். கூடாரத்தில் தினசரி உத்தரவுகள் அவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தன. அதற்குள்ளாகவே ஒரு சதி. ஹைதரின் உறவினர் முகம்மது அமீனும் இன்னொருவரும் சேர்ந்து, மந்தமான இளைய மகன் கரீமை உட்காரவைத்துத் தாங்கள் ஆளலாம் என்று திட்டம் போட்டார்கள். பிடிபட்டார்கள். பலவீனமான பிள்ளையை முன்னால் வைத்துப் பின்னால் நின்று ஆளும் அந்த வித்தையை அவர்கள் எங்கிருந்து கற்றார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் அக்காள் மகன் போன் செய்தான். இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி மாமா, அந்தப் பெட்டி கோலார்ல எங்க இறங்குச்சு?” என்றான். அவருடைய தகப்பனார் ஃபத்தே முகம்மதுவின் சமாதியில், என்றேன். அங்கே கொஞ்ச நாள் வைத்திருந்துதான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த லீவில் கோலாருக்குப் போக வேண்டும் என்கிறான். பங்காருப்பேட்டையில் இறங்கிப் பஸ் பிடித்தால் பக்கம்தான்.